அணை மட்டமும் ஞாயித்துக்கெழம டப்பாவும்

1

போன வாரத்தோட நான் இங்கன வந்து ஒரு வருசம் ஆயிருச்சு. கேக்கெல்லாம் வெட்டல. ஒரு முட்டைய எச்சா அவிச்சுத் தின்னேன், அம்புட்டுத்தான் கொண்டாட்டம்.

நம்ம காலேஜ் செட்டுல தெனம் எவளாச்சும் மெசேஜ் போடுறா. "ஏலே ஜெனி, லண்டன் எப்பிடி இருக்கு? செம லைஃப்புல்ல?" ஏன்டி, இது லண்டனே இல்ல. அங்கன இருந்து ரயிலேறி வடக்க வரணும். ஊர் பேரச் சொல்ல மாட்டேன். சொன்னா நான் யாரப் பத்தி எழுதுறேன்னு இங்க உள்ளவுக மோப்பம் புடிச்சிருவாக. ஸ்டேட்டஸ்ல நான் போடுற ஆறு, பாலம், பழைய கோட்டச் செவரு எல்லாம் நெசந்தான். அதுக்கு முன்னாடி பல்லக் காட்டிக்கிட்டு நிக்கிறவ காலைல என்ன தின்னான்னு மட்டும் போட்டோவுல தெரியாது. அதத்தான் இப்ப டைப் பண்றேன். பஸ்ஸுல ஒக்காந்து அடிக்கிறேன், தப்பு இருந்தா கண்டுக்காதீக.

வாரத்துக்குப் பதினஞ்சு பவுண்டு. வாடகை, பஸ்ஸு, போனு எல்லாம் போக என் வயித்துக்கு மிஞ்சுறது அதுதான். உடனே ஊர் காசுக்கு மாத்திப் பாத்துட்டு "அடிப்பாவி, ராணி மாதிரி திங்கலாமேடி"ன்னு வராதீக. மாத்திப் பாக்குறத நான் மொத மாசமே விட்டுட்டேன். மாத்துனா இங்க இந்தியன் கடையில முருங்கைக்காயக் கையால தொடக்கூட முடியாது. ரெண்டே ரெண்டு குச்சிய பிளாஸ்டிக்குல சுத்தி, குளுகுளுன்னு வச்சிருக்காய்ங்க, ஐசியூல கெடக்குற மாதிரி.

பதினஞ்சு பவுண்டு கம்மின்றது ஒரு பிரச்சன. ஒத்த ஆளுன்றது அத விடப் பெரிய பிரச்சன. இங்க எல்லாமே குடும்பத்துக்குத்தான் மலிவு. பெரிய மூட்ட அரிசி மலிவு, அதத் தூக்கிட்டு வர எனக்கு பஸ்ஸுல எடமில்ல. முழு முட்டகோசு மலிவு, அர முட்டகோசு அதே வெல. சரின்னு முழுசா வாங்குனா திங்கக்கெழம பொரியலு, செவ்வாக்கெழம கூட்டு, புதங்கெழம பருப்புல, வியாழக்கெழம அதப் பாத்தாலே கண்ணுல தண்ணி. கூட தங்கியிருக்கிற ஹரிணி கோயம்புத்தூர்க்காரி. வாய் கொஞ்சம் நீளம். "ஏனுங்க ஜெனி, முட்டகோசுக்கும் உங்களுக்கும் தாலி எப்பங்க?"ன்னு பிரிட்ஜத் தொறந்து வச்சுக்கிட்டே கேப்பா. அவளுக்கு வீட்ல இருந்து காசு வருது. நாலு ஜோக்கு அடிக்கலாம்.

சாயங்காலம் சூப்பர்மார்க்கெட்டுல அன்னைக்குக் கெடப்போற சாமானுக்கு மஞ்ச ஸ்டிக்கரு ஒட்டுவாய்ங்க. பாதி வெல, சில நாளு அதுக்கும் கீழ. அந்த ஆளு ஸ்டிக்கர் மெசினோட வந்தாருன்னா போதும், சுத்தி நாங்க ஒரு கூட்டமே எதையோ தேடுற மாதிரி நிப்போம். ஒரு வெள்ளக்காரத் தாத்தா தெனம் வருவாரு. ஒரு நா ஒரே ரொட்டிப் பாக்கெட்டுல அவரு கையும் என் கையும் ஒண்ணா விழுந்துருச்சு. "சாரி லவ்"னு சொன்னாரு. கைய மட்டும் எடுக்கல. நானும் எடுக்கல. கடைசில அவருதான் விட்டாரு.

2

வேல ஒரு கேர் ஹோம்ல. வயசானவுகளக் கொண்டாந்து விட்டுருக்கிற எடம். நான் நர்ஸெல்லாம் இல்ல, கிச்சன்ல தட்டு கழுவுறேன். பி.இ. முடிச்சுட்டு. சிரிச்சு முடிச்சிட்டீகளா? சரி.

படிக்க வந்தவுக வாரத்துக்கு இம்புட்டு மணி நேரந்தான் வேல செய்யலாம்னு சட்டம் இருக்கு. அந்த இம்புட்டும் கெடச்சாலே தப்பிச்சிருவேன். ஆனா எந்த நாளு யாருக்கு வேலன்னு ஒட்டுற ரோட்டாவுல சில வாரம் என் பேரு ஒரு தடவதான் இருக்கும். கேட்டா மேனேஜரம்மா, "நெக்ஸ்ட் வீக் மே பி"ன்னு கண்ணடிக்கும்.

இதுல கொடும என்னன்னா தெனம் சோத்துக்கு நடுவுல நிக்கிறேன். அவுக பாதி தின்னுட்டு வச்ச மீனு, தொடாத புட்டிங்கு, அவிச்ச உருளைக்கெழங்கு எல்லாம் என் கையாலதான் குப்பையில கொட்டணும். வீட்டுக்கு எடுத்துட்டுப் போகக்கூடாது, அங்கன நின்னும் திங்கக்கூடாது. ரூல்ஸு. மொத வாரமே சொல்லி கையெழுத்து வாங்கிட்டாக. வெறும் வயித்தோட போய் ஒரு டிரே நெறைய சோத்தக் கொட்டிட்டு வர்றப்ப வர்ற கோவம் யார் மேலன்னே தெரியாது.

இல்லாதவுகளுக்கு சும்மா சாமான் குடுக்குற ஃபுட் பேங்க்கு ஒண்ணு இருக்கு. அங்கன நேராப் போக முடியாது, யாராச்சும் சீட்டு குடுத்து அனுப்பணும். யுனிவர்சிட்டில கேட்டேன். அந்தப் பொண்ணு அம்புட்டு அன்பாப் பேசுச்சு, "பேங்க் ஸ்டேட்மென்ட் மட்டும் அனுப்பு"ன்னுச்சு. எனக்கு சிரிப்பு வந்துருச்சு. விசா வாங்குறப்ப அக்கவுண்ட்ல காசு இருக்குன்னு காட்டுறதுக்கு அப்பா ஊரெல்லாம் அலைஞ்சாரு. இப்ப அதே அக்கவுண்ட்ல ஒண்ணும் இல்லன்னு நான் காட்டணும். ஹரிணி வேற, "அனுப்பாத, விசாவுல கைய வச்சிருவாங்க"ன்னா. அது நெசமா பொய்யான்னு எனக்குத் தெரியாது. அவளுக்கும் தெரியாது. பயந்துகிட்டு அனுப்பல.

ஊர்ல இருந்து காசு வருமான்னு கேக்காதீக. அப்பாவுக்கு ராயப்பன்பட்டில வீடு, உத்தமபாளையம் பக்கம் குத்தகை வயலு. போன தடவ ரெண்டாம் போகத்துக்குக் கடைசித் தண்ணி வந்து சேரல. நெல்லு பாலு புடிக்கிற நேரத்துல காஞ்சு போச்சு. அம்மா இன்னமும் வெள்ளன ஜீப்புல தொத்திக்கிட்டு மலைக்கு மேல ஏலத்தோட்டத்துக்குப் போகுது. அவுககிட்ட நான் என்னன்னு கேக்க?

3

அப்பத்தான் ஷைனி சேச்சி வந்தாக.

நான் இங்கன சர்ச்சுல வெள்ளக்காரப் பூசைக்குத்தான் போயிட்டிருந்தேன். முடிஞ்சா டீயும் பிஸ்கட்டும் தருவாக. மூணாவது பிஸ்கட்ட எடுத்தா ஒரு பாட்டி என்னையே பாக்கும். ஒரு ஞாயிறு கொஞ்சம் லேட்டாப் போனேன். அதே கோயில்ல மலையாளப் பூச நடக்குது. முடிஞ்சதும் பின்னாடி ஹால்ல இருந்து வாசம் வருது பாருங்க. தேங்கா எண்ணெயில கருவேப்பில பொரியிற வாசம். காலு தன்னால போயிருச்சு.

எனக்கு மலையாளம் அரகொறயா வரும். ஸ்கூலு லீவுல அம்மாவோட ஏலத்தோட்டத்துக்குப் போயி கத்துக்கிட்டது. தட்டோட வரிசையில நின்னேன். சோறு போடுற சேச்சி நிமிந்து பாத்தாக. இங்க ஆஸ்பத்திரியில நர்ஸு. வண்டிப்பெரியாறுக்காரவுகன்றதால அவுகளுக்குத் தமிழு நல்லா வரும்.

"எவிடயா வீடு, மோளே?"

"குமுளிப் பக்கம் சேச்சி."

பொய் சொல்லல. ராயப்பன்பட்டின்னா வெளியூர்ல எவனுக்குத் தெரியும்? நம்ம பக்கத்துல எல்லாரும் அப்பிடித்தான சொல்லுவோம். அவுக என்னைய மலைக்கு மேல, தேயிலத் தோட்டத்துத் தமிழ்ப் பிள்ளைன்னு நெனச்சுட்டாக. நான் மலைக்குக் கீழ. நடுவுல இருக்கிற மலைய நானும் சொல்லல, அவுகளும் கேக்கல.

"நம்ம பிள்ளையா! அப்ப இன்னொரு தவி வாங்கு"ன்னு பெரிய கரண்டியால குண்டரிசிச் சோத்த மலை மாதிரி கொட்டுனாக. மோருக்கறி, பயறு தோரன், மாட்டுக்கறி வறுவலு. நான் தின்ன வேகத்தப் பாத்துட்டு ஒண்ணும் கேக்கல. கெளம்புறப்ப பழைய ஐஸ்கிரீம் டப்பா மூணுல நெறச்சு கையில குடுத்தாக. "வீட்ல கொண்டோயி ஃப்ரிட்ஜில வை. பாத்ரம் அடுத்த ஞாயிறு கொண்டு வரணும்."

டப்பாவத் திருப்பிக் குடுக்கணும்னா மறுபடி போகணும்ல. சேச்சி அதுக்காகத்தான் அப்பிடிச் சொன்னாகன்னு எனக்குத் தெரியும்.

அதுல இருந்து ஞாயிறு, திங்க, செவ்வா, புதன் சேச்சி சோறு. வியாழன், வெள்ளி, சனி என் பதினஞ்சு பவுண்டு. அதுல சனிக்கெழம எப்பவுமே இழுத்துக்கோ பறிச்சுக்கோதான், பல நாளு வெறும் டீ. ஆனா மறுநா ஹாலு இருக்கேன்னு ஒரு தெம்பு. நாலு மாசம் இப்பிடித்தான் ஓடுச்சு. ஒடம்பு கூட தேறுச்சு, ஹரிணியே சொன்னா.

4

நம்ம பக்கத்து ஆளுகளுக்கு இத வெளக்க வேணாம், ஆனா மத்தவுகளும் படிக்கிறீக, அதனால சொல்றேன். எங்க வீடுகள்ல காலைல எந்திரிச்சா மொதப் பேச்சு பெரியாறு அணை மட்டந்தான். அணை மலைக்கு மேல கேரளாவுல, அதுல இருந்து வர்ற தண்ணிதான் கீழ எங்க வயலுக்கு. பேப்பர்ல தலைப்புச் செய்தி பாக்க மாட்டாக, அணை மட்டம் போட்ட கட்டத்தப் பாப்பாக. டீக்கடையில "ஏறிருச்சா?"ன்னா அது பெட்ரோல் வெல இல்ல, டேம். நான் பத்தாப்பு ரிசல்ட்டச் சொல்ல ஓடுனப்ப அப்பா கையக் காட்டி நிப்பாட்டிட்டு, ரேடியோவுல மட்டம் சொல்லி முடிச்சதும்தான் "ம், சொல்லுத்தா"ன்னாரு. ஏறிருச்சுன்னு எவன் சொன்னாலும் வாயில தன்னால "ஆகா"ன்னு வரும். சாமியார் ஜெபத்த முடிச்சா "ஆமென்" வருமே, அந்த மாதிரி.

ஆகஸ்ட்ல ஒரு ஞாயிறு. முந்துன நா மத்தியானத்துல இருந்து நான் ஒண்ணும் திங்கல. தட்டோட நிக்கிறேன், எனக்கு முன்னாடி ரெண்டே பேரு. கண்ணு முழுக்க மோருக்கறி சட்டியிலதான். சேச்சி முகம் அன்னைக்கு சரியில்லன்றதக் கூட நான் கவனிக்கல. அவுக அம்மா வண்டிப்பெரியாறுல ஆத்தங்கரைய ஒட்டி ஒத்தையில இருக்காக, மேல அணையில இருந்து தண்ணியத் தொறந்துவிட்டா மொத நனையிறது அவுக வீடு. இது எல்லாம் எனக்குப் பின்னாடித்தான் தெரியும்.

சேச்சியோட வீட்டுக்காரரு பென்னி அங்கிள் போனப் பாத்துக்கிட்டே வந்தாரு.

"ராத்திரி பின்னயும் ஏறியிருக்கு டேம்மு."

"சூப்பர்! அப்ப ரெண்டாம் போகம் உறுதி!"

சொன்னது நாந்தான். கத்திச் சொன்னேன். தட்டோட ஒரு குதி வேற குதிச்சிருப்பேன் போல.

ஹாலே கப்புனு ஆயிருச்சு. மொத பேசுனது சேச்சி மக ஆன். இங்கயே பொறந்து வளந்த பிள்ளை. போன்ல இருந்து தல தூக்காம, "விச் டேம்?"னு கேட்டா.

சேச்சி கையில கரண்டி அப்பிடியே நின்னுச்சு. "நீ எவிட உள்ளவ மோளே?"

"ராயப்பன்பட்டி."

"அது எவிடயா?"

"உத்தமபாளையம் பக்கம். மலைக்குக் கீழ."

பின்னாடி நின்ன ஒரு அங்கிள், "ஓ, அந்தப் பக்கமா"ன்னு இழுத்தாரு. என் வாயி சும்மா இருக்குமா? "ஆமா அங்கிள், அந்தப் பக்கந்தான். உங்க சாம்பாருக்கு வெட்டுற காயெல்லாம் எந்தத் தண்ணில வெளைஞ்சு மலையேறி வருதாம்?"

"மோளே, அவளுக்க அம்மச்சி அவிட ஆத்தங்கரையில தனிச்சாணு"ன்னு பென்னி அங்கிள் பைய சொன்னாரு. அவரு கோவப்பட்டிருந்தாக் கூட சமாளிச்சிருப்பேன்.

சேச்சி மோருக்கறிய அள்ளி என் தட்டுல ஊத்துனாக. எப்பவும் போல ரெண்டு கரண்டி. ஒரு கரண்டி கொறச்சிருந்தா நான் ரோசத்துல தட்ட வச்சிட்டு வந்திருப்பேன். கொறைக்கல. ஓரத்துல போய் ஒக்காந்து, யாரையும் நிமிந்து பாக்காம, ஒரு பருக்க விடாமத் தின்னுட்டுத்தான் எந்திரிச்சேன். ரோசமும் இருந்துச்சு, பசியும் இருந்துச்சு. பசிதான் ஜெயிச்சுச்சு. டப்பாவுக்கு நிக்காம வெளிய வந்துட்டேன்.

5

அந்த வாரம் திங்க, செவ்வா, புதன் எப்பிடி ஓடுச்சுன்னு வெவரமா எழுத வேணாம். கஞ்சி. உப்பு. ரெண்டு கேரட்டு. கேர் ஹோம்ல ஒரு தாத்தா தொடாம வச்ச மீன் துண்டு ஒண்ணு. அதக் குப்பையில போடாம கையில வச்சுக்கிட்டு நின்னேன். மேனேஜரம்மா வர்ற சத்தம் கேட்டுச்சு. போட்டுட்டேன்.

புதங்கெழம அப்பா கூப்புட்டாரு. குரல்லயே குதியாட்டம். "ஏத்தா ஜெனி, டேமு ஏறிக்கிட்டே இருக்குத்தா! இந்தத் தடவ விட்டதப் புடிச்சிரலாம். நீ சாப்டியா?"

"டேம் பேச்ச விடுகப்பா!"ன்னு கத்திட்டேன். அப்புறம் எல்லாத்தையும் சொன்னேன். சேச்சி, அவுக அம்மா, ஆத்தங்கர, நான் குதிச்சது. பட்டினியா இருந்தத மட்டும் சொல்லல.

அப்பா மொதக் கேட்டது சேச்சியோட அம்மாவப் பத்தித்தான்.

"அந்தம்மா வேற எங்கயும் போய் இருக்காதாமா?"

"போகாதாம்ப்பா. வீட்ட விட்டு வராதாம்."

"நான் என்னத்தா செய்ய? மழை போதும்னு எந்த வாயால சொல்ல? போன வருசம் மழைக்காக முட்டிங்கால் போட்டவன் நான்." கொஞ்சம் நிப்பாட்டி, "அந்தம்மா மட்டும் தண்ணி ஏறட்டும்னு ஜெபம் பண்ண முடியுமா?"ன்னாரு. அப்புறம் அவராவே, "நீ அவுக சோத்தயா தின்ன?"ன்னு கேட்டாரு.

"ஆமாப்பா."

"அவுகளுக்கு நாம என்ன குடுத்தோம்?"

போன்ல சார்ஜ் இல்லப்பான்னு சொல்லி வச்சிட்டேன்.

மறுநா சேச்சி போன் பண்ணுனாக. அவுக நம்பரப் பாத்ததும் எடுக்கலாமா வேணாமான்னு இருந்துச்சு. எடுத்தேன். திட்டுவாகன்னுதான் நெனச்சேன்.

"நீ டப்பா எடுக்காம போயி."

"சாரி சேச்சி. நான் நெசமாவே..."

"உன்னோட அப்பா வயலு வச்சிருக்கவரல்லே?"

"ஆமா சேச்சி."

"அவருக்கு அவிட டேம் மட்டம் காலைலயே தெரியுமோ?"

"தெரியும். வெள்ளன எந்திரிச்சதும் கேட்டுருவாரு."

"டிவில ஒருத்தன் ஒண்ணு பறயும். வாட்ஸப்ல எல்லாம் பொட்டும், போகும்னு பேடிப்பிக்கும்." அணை ஒடஞ்சிரும்னு பயமுறுத்துறாய்ங்களாம். "அம்மச்சியக் கூப்புட்டா, ஒண்ணுமில்ல நீ ஒறங்குன்னு சொல்லும். எனக்கு நெசம் வேணும் மோளே. வயல்காரன் சும்மா ஏத்தியும் சொல்ல மாட்டான், கொறச்சும் சொல்ல மாட்டான். தினம் எனக்கு அனுப்புவியா?"

"அனுப்புறேன் சேச்சி."

"ஞாயிறு வரணும். டப்பா இவிட இருக்கு."

போன வச்சிட்டு ஹரிணிகிட்ட சொன்னேன். எப்பவும் எதையாச்சும் சொல்லி ஓட்டுறவ, அன்னைக்கு ஒண்ணும் ஓட்டல. "பாவம்டி"ன்னா. யாரச் சொன்னான்னு கேக்கல.

6

இப்ப தெனம் இதுதான் நடக்குது. நான் கண்ணு முழிக்கிறப்ப அப்பாவோட வாய்ஸ் மெசேஜ் வந்து கெடக்கும். முன்னெல்லாம் "ஏறிருச்சுத்தா!"ன்னு கூவுற மனுசன். இப்ப யாரோ செத்த சேதி சொல்ற மாதிரி தணிஞ்ச குரல்ல மட்டத்தச் சொல்றாரு. கடைசில, "அந்தச் சேச்சிகிட்ட பக்குவமாச் சொல்லு"ம்பாரு. அவரு வயலுக்கு அது நல்ல சேதி. எனக்காகவும் அந்தம்மாவுக்காகவும் அத அவரு சத்தம் போடாம சந்தோசப்பட வேண்டியிருக்கு.

நான் அத சேச்சிக்கு டைப் பண்றேன். ஏறுன நாள்ல ரெண்டு மூணு தடவ அடிச்சு அழிக்கிறேன். "கொஞ்சந்தான் சேச்சி"ன்னு சேத்துப் பாப்பேன், அப்புறம் அதையும் அழிச்சிருவேன். அவுக நெசம் வேணும்னாக. மொட்டையா மட்டத்த மட்டும் அனுப்பிருவேன். எறங்குன நாள்ல சேச்சிக்கு நிம்மதி, அப்பா குரல்ல ஒரு சோர்வு. ரெண்டு பேரும் நல்லா இருக்கிற மாதிரி ஒரு மட்டத்த ஒரு நாளும் நான் பாக்கல. பி.இ. படிச்சிருக்கேன், இதுக்கு ஒண்ணும் பண்ணத் தெரியல.

ஞாயிறு ஹாலுக்குப் போறேன். அந்த அங்கிள் என்னைய இன்னும் ஒரு மாதிரிதான் பாக்குறாரு. சேச்சி அதே ரெண்டு கரண்டி, அதே மூணு டப்பா. அவுக கண்ணுக்குக் கீழ கறுத்துப் போச்சு. ஆன் இப்ப அவளாவே கேட்டா, "இஸ் கிராண்ட்மா ஸ்கேர்டு?" சேச்சி அவ தலையத் தடவிட்டு, அடுத்த தட்டுக்குச் சோறு போட்டாக.

இன்னைக்குப் புதன். காலைல அப்பா மெசேஜ்: ஏறியிருக்கு, நல்லாவே ஏறியிருக்கு. கடைசில வழக்கம் போல, "சாப்டியாத்தா?" அத சேச்சிக்கு அனுப்புனேன். வார்டுல டூட்டியில இருந்திருப்பாக, இருந்தும் உடனே பதில் வந்துச்சு. "சரி மோளே. கழிச்சோ?" அவுக பாஷையில அதுவும் சாப்டியான்னுதான்.

பிரிட்ஜத் தொறந்தேன். ஞாயித்துக்கெழம டப்பாவுல கடைசி ஒண்ணு மிச்சம் இருந்துச்சு. மோருக்கறி புளிச்சிருச்சு, சோறு வெறச்சுப் போச்சு. சுட வச்சு முன்னாடி வச்சுக்கிட்டு சிலுவ போட்டேன். எப்பவும் சாப்புடறதுக்கு முன்னாடி எதையாச்சும் வேண்டிக்கிறது பழக்கம். என்னத்த வேண்ட? மழை பெய்யட்டும்னா, அந்தம்மா வீடு. நிக்கட்டும்னா, எங்கப்பா வயலு. கைய இறக்கிட்டு, ஒண்ணும் வேண்டாமத் தின்னேன். வீட்ல வேற சோறும் இல்ல.

தின்னு முடிச்சு டப்பாவக் கழுவி வச்சிட்டு, ரெண்டு பேருக்கும் ஒரே பதில அனுப்புனேன்.

"சாப்ட்டேன்."